இரவல் சீலை, இரவல் பிள்ளை

என்னை ஒருமுறை இரவல் கொடுத்திருக்கிறார்கள். ஏணி, உலக்கை, ஆட்டுக்கல் இவற்றையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்களே, அதே மாதிரி. "பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துரு" என்று அம்மா சொல்லியனுப்பியதுகூட என்னைப் பற்றி அல்ல. என்னோடு சேர்த்துக் கொடுத்த அவளுடைய ரவிக்கையைப் பற்றி.

தேயிலை விலை விழுந்துகிடந்த முப்பதுகளில் நடந்தது இது. லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டம். எனக்கு ஆறு வயதிருக்கும், ஏழும் இருக்கலாம். பிறந்த நாளைக் குறித்து வைக்கும் அளவுக்கு என்னை யாரும் பெரிய ஆளாக நினைக்கவில்லை.

இரவல் வாங்கியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா, கடைசி அறை, அவளுடையது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லை. மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து ஒரு கால் சரியில்லை. நடக்கும்போது இடப்பக்கம் ஒருதரம் தணிந்து எழும்புவாள். கூட்டத்தில் முகம் தெரியாவிட்டாலும் நடை தெரியும்.

அந்த வருஷம் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். பேர் வெட்டுவது என்று சொல்வோம். அத்தையின் பேரை வெட்டியதற்குக் காரணம் அவள் கால். மாமாவின் பேரை வெட்டியதற்குக் காரணம் அவர் வாய். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மலையில் வைத்து எதையோ கேட்க, மாமா எதையோ பதில் சொல்ல, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துத் தொலைத்துவிட்டார்கள். சிரிக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

புருஷன் பெண்சாதி இரண்டு பேரில் ஒருத்தர் பேராவது செக்ரோல் என்ற ஆள் கணக்குப் புத்தகத்தில் இருந்தால்தான் காம்பரா. இல்லாவிட்டால் மாதம் முடிந்ததும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். ஏற்றி அனுப்புகிறவர்கள் அதை 'ஊருக்குத் திரும்புவது' என்றார்கள். அத்தை பிறந்ததே இந்த லயத்தில். அவள் பார்த்த மிகத் தொலைவான ஊர் நானுஓயா ஸ்டேஷன். அதையும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாள். இல்லாத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று தெரியாமல் அவள் இரவும் பகலும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா அந்த நானுஓயா ஸ்டேஷனில்தான் மூட்டை தூக்கப் போயிருந்தார். போய் வாரக்கணக்காகிவிட்டது. 'சனிக்கிழமை வருகிறேன்' என்று வண்டிக்காரர்களிடம் சொல்லியனுப்புவார். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லியனுப்ப மாட்டார்.

இந்த நேரத்தில் சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த துரைசாணிக்கு ஒரு யோசனை தோன்றியது. தாய்மார் கொழுந்து பறிக்கும்போது பிள்ளைகளை மலையோரத்து மரத்தில் ஏணை கட்டிப் போட்டுவிட்டுப் போவதை அவள் பார்த்துவிட்டாள். உடனே பிள்ளைக் காம்பரா ஒன்று கட்டச் சொல்லி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டும் என்றாள். மலையேற வேண்டாத வேலை. செக்ரோலில் பேர் ஏறும் வேலை. அத்தை அடுப்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எழுந்துவிட்டாள்.

பங்களாவில் சமையல் பார்க்கும் அப்புதான் சேதி கொண்டுவந்தார். சிங்களவர், தமிழைத் தனக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வைத்திருந்தார்.

"தொரசாணி நேர்ல பாக்கணும். திங்கக்கெழம காலையில வரணும். சுத்தமா வரணும், தேயில கறை இருக்கவே கூடாது. பூ வைக்க வேணாம், தொரசாணிக்குத் தும்மல் வாறது. ஒரு சின்னப் புள்ளயும் கூட்டிட்டு வரணும். எப்பிடித் தூக்குறதுன்னு பாக்குறதாம்."

கறையில்லாத சீலை! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு நிபந்தனையாகவே தோன்றாது. கொழுந்து பறிக்கிற பெண்ணின் சீலையில் கறைபடாத இடம் ஒன்று இருந்தால், இடுப்பில் சுற்றுகிற சாக்குப் படங்கு மறைக்கும் இடம் மட்டும்தான். தேயிலைச் சாறு பட்டால் பட்டதுதான். சவுக்காரமும் போட்டுப் பார்க்கலாம், சாமியும் கும்பிட்டுப் பார்க்கலாம். அதனாலேயே எங்கள் பெண்கள் அரக்கு, கருஞ்சிவப்பு, கரும்பச்சை என்று கறையே தோற்றுப்போகும் நிறங்களாகப் பார்த்து எடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தையின் காம்பராவில் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட அவ்வளவு கூட்டம் இருக்காது.

அம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். "கூறச்சீலையக் கட்டிட்டுப் போ. செவப்பா, பளிச்சுனு இருக்கும்."

"ஏன் மதினி, நான் வேல கேக்கவா போறேன், தொரைக்கு மால போடவா போறேன்?"

"அப்ப கங்காணியம்மாகிட்டப் பட்டு கேளு" என்றாள் மூன்றாவது காம்பராக்காரி. "அதக் கட்டிட்டுப் போனா ஒன்ன உக்காரச் சொல்லிட்டு தொரசாணி எந்திரிச்சு நிப்பா."

"ஒரு நாள் அவ சீலையக் கட்டுனா, வருசம் பூரா அவ வீட்டு வெறகு ஒடைக்கணும்" என்று அம்மா அதை அடக்கிவிட்டாள்.

இன்னொருத்தி ஒரு பச்சைச் சீலையை விரித்தாள். முன்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம் தேயிலைக் கறை இலங்கைப் படம் மாதிரி இறங்கியிருந்தது.

"பின்னால திரும்பாம நின்னுக்க."

"வெளிய வர்றப்ப?"

"அப்பிடியே பின்னாலயே நடந்து வா."

அத்தை அந்த மாதிரி நடந்து காட்டினாள். முன்னால் போனாலே ஒரு பக்கம் தணியும் நடை; பின்னால் போனபோது அடுப்பில் மோதித் தண்ணீர்ப் பானை கவிழ்ந்தது. காம்பராவே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டிப் பார்த்த என் அப்பா, "எதக் கட்டுனா என்ன, மேல கம்பளியப் போட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்று தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். அவரைத் துரத்திவிட்டார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் அத்தை கீழே உட்கார்ந்துவிட்டாள். விரித்துப் போட்ட சீலைகளெல்லாம் அவளைச் சுற்றிக் கிடந்தன. ஒன்றும் ஆகவில்லை.

அப்போது வாசலுக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது. "ஏத்தா, எங்கிட்ட ஒண்ணு இருக்கு. கறையில்ல. ஒருக்காக்கூடக் கட்டல."

பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. சொந்தமில்லை, நான் அப்படிக் கூப்பிட்டேன். மண் சரிந்து புருஷனை இளவயதிலேயே இழந்தவள். அவள் யார் வீட்டுக்குள்ளும் வரமாட்டாள், வாசலோடு நிற்பாள். காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, எல்லாரும் போன பிறகுதான் புறப்படுவாள். வேலைக்குப் போகிறவர்கள் அவள் முகத்தில் விழித்துவிடக் கூடாதாம். இதில் எனக்கு லாபம்தான்: எல்லாரும் போன பிறகு அவள் சுடும் ரொட்டியில் பாதி எனக்கு.

அவள் நீட்டியது மடிப்புக் கலையாத வெள்ளைச் சீலை. புருஷன் செத்தபோது அண்ணன்காரன் போட்ட கோடி. அம்மா தன் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! கோடியக் கொண்டாந்து சுமங்கலி கையில குடுக்குறீங்களே! அவ புருசன் உசுரோட இருக்கானே!"

"தெரியும் தாயி. நான் பிரிக்கவே இல்ல. பிரிச்சுக் கட்டுனாத்தான் அது கோடி. இப்ப வெறுந்துணி."

அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவ்வளவு வெள்ளையை நான் அதுவரை மேகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

"தொரசாணியும் வெள்ளதானே போடுறா? அவ புருசன் என்ன செத்தா போனான்?" என்றாள் அத்தை.

"அவ தாலியே கட்டல, அவளுக்கென்ன!" என்றாள் அம்மா.

"எனக்குத் தாலி இருக்கு, பொட்டு இருக்கு, வளவி இருக்கு. பக்கத்துல பாக்குறவங்களுக்குத் தெரியாதா மதினி?"

பக்கத்தில் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்தான். ஆனால் தேயிலை மலையில் யாரும் யாரையும் பக்கத்தில் பார்ப்பதில்லை. அது அந்த நேரம் ஒருத்திக்கும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்தது பிள்ளை. கைப்பிள்ளையைக் கொடுக்க நாலைந்து தாய்மார் முன்பே போட்டி போட்டுக்கொண்டு இருந்தார்கள். சீலை வெள்ளை என்று முடிவானதும் ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தது. ஒன்றுக்குப் பல் முளைத்தது. இன்னொன்று அந்நியர் கையில் அழும் என்று தாய்க்குத் திடீரென ஞாபகம் வந்தது. எல்லாம் கழிந்து கடைசியில் மிஞ்சியவன் நான். எனக்கும் சளி இருந்தது. அதை யாரும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

துரைசாணி எதிர்பார்த்தது இடுப்புப் பிள்ளை. போனது அரைக்கால் சட்டை.

திங்கட்கிழமை காலை அம்மா ஸ்டோரில், அதாவது ஆலையில், தேயிலை பொறுக்கப் போய்விட்டாள். அப்பா அந்தப் பக்கத்து மலையில் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போய்விட்டார். எனக்குத் தலையில் எண்ணெய் தேய்த்து நெற்றியில் வழியவிட்டு, கங்காணி மகனின் பழைய சட்டையை மாட்டியிருந்தார்கள். அதில் என்னைப் போல இன்னொருவனுக்கும் இடமிருந்தது. அத்தையின் நிலை நேர்மாறு. அம்மாவின் ரவிக்கை அவளுக்குப் பற்றவில்லை. நாலு ஊசி குத்தி எப்படியோ நிறுத்தியிருந்தது. "மூச்ச உள்ள இழுக்காத, வெளிய மட்டும் விடு" என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பாதி வழியில் தூறல் பிடித்தது. கம்பளி போட்டால் வெள்ளையில் அதன் கறுப்பு இறங்கிவிடும். குடை விரிக்கலாம் என்றால், பங்களாப் பாதையில் எங்களைப் போன்றவர்கள் குடை பிடிக்கக் கூடாது. அத்தை முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். நெற்றிக் குங்குமம் கரைந்து ஓடியது. அதை முந்தானையில் துடைத்தால் கறையாகிவிடும் என்று என் சட்டையில் துடைத்தாள்.

பாதைக்கு எதிரே பள்ளத்துக்கு அப்பால் மலை. அங்கே மேல் லயத்துப் பெண்கள், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வராதவர்கள், வரிசையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தூறலுக்குள் கூடைகள் மட்டும் நகர்வது தெரிந்தது. திடீரென்று வரிசை நின்றது. ஒருத்தி எங்களைக் கை காட்டினாள். இன்னொருத்தி கூவினாள். அடுத்த வரிசைக்கும் அதற்கடுத்த வரிசைக்கும் கூவல் தாவியது.

என் புதுச்சட்டையைத்தான் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கை ஆட்டினேன். ஒருத்தி பதிலுக்கு மார்பில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு பிரியமா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

அத்தை எதையும் பார்க்கவில்லை. சேறு தெறிக்காமல் நடப்பதிலேயே அவள் கண் இருந்தது.

பங்களாவின் பின்வாசலில் துரைசாணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மெலிந்த, சிவந்த, சிறு வயதுப் பெண். பக்கத்தில் அப்பு. அவள் அத்தையை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னாள்.

"சீல ரொம்ப நல்லாருக்குதாம்" என்றார் அப்பு.

அத்தை மூச்சு விட்டாள். ஓர் ஊசி 'டப்' என்றது.

"ஒனக்குப் புள்ள எத்தினி?"

"இல்லீங்க."

"அப்ப இது?"

"மதினி புள்ளைங்க."

துரைசாணி நெற்றியைச் சுருக்கினாள். அப்பு அதையும் தமிழாக்கினார். "புள்ள இல்லாத ஆளுக்குப் புள்ள வளக்க எப்பிடித் தெரியும்னு கேக்குறது."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "பெத்தவளுக்கு அவ புள்ள அழுவுறது மட்டுந்தாங்க கேக்கும். எனக்கு எல்லாப் புள்ளையும் கேக்கும்."

அப்பு அதை எப்படிச் சொன்னாரோ, துரைசாணியின் நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. பிறகு என்னைத் தூக்கிக் காட்டச் சொன்னாள்.

அத்தை குனிந்து என்னைத் தூக்கினாள். மிச்ச ஊசிகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. என் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. சட்டைக்கை இரண்டும் அதற்கும் கீழே. ஒரு பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு நிற்பவள் மாதிரி அத்தை நின்றாள். துரைசாணி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் சத்தம் கேட்டது. முதலில் ஓடைச் சத்தம் மாதிரி இருந்தது. பிறகு பெருகியது. பங்களாத் தோட்டத்துப் பூச்செடிகளுக்கு நடுவே அந்த மேல் லயத்துப் பெண்கள் கூடையும் படங்குமாக, மாரிலும் தலையிலும் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வழியில் ஏணைகளிலிருந்து எடுத்த பிள்ளைகள் அவர்கள் இடுப்பில் கிடந்து வேறு கதறின.

"ராசா போயிட்டானே!"

"பதினாறு முடிஞ்சு வெள்ளையும் கட்டிட்டா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி!"

"காம்பரா போயிரும்னு பொணத்த மறச்சிட்டியே, பாவி மவளே!"

நடந்தது இதுதான். முக்காடு, வெள்ளைச் சீலை, அந்த நடை: எதிர்மலைக்கு இவ்வளவு போதுமானதாக இருந்தது. செத்த உடனே யார் வெள்ளை கட்டுவார்கள் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஆள் ஊருக்கு வந்து எத்தனை வாரம் ஆச்சு, எப்பவோ செத்திருப்பான், கருமாதியும் முடிந்திருக்கும் என்று இன்னொருத்தி கணக்கைச் சரி செய்திருக்கிறாள். துரையிடம் கெஞ்சப் போகிறாள் என்று மூன்றாவது ஒருத்தி முடித்துவிட்டாள்.

இது எதுவும் அத்தைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, ஒரு மலையே திரண்டு வந்து அவள் புருஷன் செத்துப்போனான் என்று அழுகிறது. வாரக்கணக்காக அவரை அவள் கண்ணால் பார்க்கவில்லை. நானுஓயாவிலிருந்து சேதி வந்திருக்கிறது, அதைத்தான் இவர்கள் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

என்னைக் கீழே போட்டாள். 'போட்டாள்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, "எப்ப?" என்றாள்.

அவள் உட்கார்ந்ததைப் பார்த்து அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழ, அவள் அழுதாள். அவள் அழ, அவர்கள் இன்னும் அழுதார்கள். யார் யாரிடமிருந்து சேதி கேட்டார்கள் என்று யாருமே கேட்கவில்லை. விழுந்த இடத்தில் முழங்கால் சிராய்த்துப் போயிருந்த நானும் சேர்ந்துகொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கூட்டத்தில் என் குரல்தான் எடுப்பாக இருந்தது.

உள்ளேயிருந்து துரை கையில் பிரம்போடு ஓடி வந்தார். வேலை நிறுத்தம் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. "என்னா! என்னா! போ! போ!" என்று தன் தமிழ் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தார்.

அன்று பெரட்டுக்குப் பிந்திப் போனதால் மேல் லயத்தாரோடு பறிக்க அனுப்பப்பட்டிருந்த பெரியம்மா, கூட்டத்தின் கடைசியில் வந்தாள். ஓடி ஓடி மூச்சு வாங்கியது. "என் சீலடி! அது என் சீல!" என்று மலையிலிருந்தே கத்திக்கொண்டு வந்திருக்கிறாள். ஒப்பாரியோடு ஒப்பாரியாக அதுவும் கலந்துபோயிருக்கிறது. எப்போதும் ஒதுங்கியே நிற்கும் அவள் அன்று கூடைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு நடுவில் புகுந்து, அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏத்தா! யாரும் சாகல! இந்தக் கிறுக்கச்சிங்க சீலையப் பாத்துட்டு அழுவுறாளுங்க! நான் குடுத்த சீலடி இது!"

அழுகை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"அப்ப அண்ணே?" என்றாள் ஒருத்தி.

அப்பு தொண்டையைச் செருமினார். "அந்த மனுசன்தானே? நேத்து அந்திக்கு தொரசாணி பெட்டி எடுக்க ஸ்டேஷன் போனது. என்கிட்ட பீடி கேட்டது. இல்ல சொன்னதுக்கு என்னய வஞ்சது."

"வஞ்சாரா?" என்று அத்தை தலையை நிமிர்த்தினாள். "என்னன்னு வஞ்சாரு?"

அப்பு அந்த வார்த்தையைச் சொன்னார். துரைசாணிக்கு முன்னால் சொல்லக்கூடிய வார்த்தையில்லை. ஆனால் அது மாமாவின் வார்த்தைதான், வேறு யார் வாயிலும் வராதது. அதைக் கேட்டு அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். பூசாரி திருநீறு போட்டிருந்தால்கூட அவள் முகம் அப்படித் தெளிந்திருக்காது.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கை காட்டியவள் யார் என்ற விசாரணை அங்கேயே தொடங்கிவிட்டது. அந்தச் சண்டையில், யாரோ ஒருத்தி தன் பிள்ளையைப் பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஆள் துரைசாணி. அவள் அதைத் தேநீர்த் தட்டு மாதிரி இரண்டு கையிலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றாள். பிள்ளை நீலம் பாரிக்க அழுதது.

அத்தைக்குக் கேட்டுவிட்டது. எழுந்தாள். மூக்கைத் துடைத்தாள். முன்பக்கம் முழுக்கச் சேறான அந்த வெள்ளைச் சீலையோடு நேரே போய், "தலைக்கு அண்ட குடுக்கணும் தாயி" என்று துரைசாணிக்கே சொல்லிவிட்டு, பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்தாள். அது விக்கி விக்கி அடங்கியது.

துரைசாணி பேசியது கொஞ்சம். அப்பு மொழிபெயர்த்தது அதைவிடக் கொஞ்சம். "வேல ஒனக்கு. இத்தினி புள்ளைக்கு ஒரு ஆள் போதாது, இன்னொரு ஆளும் பாரு."

மாதம் முடியுமுன் அத்தையின் பேர் செக்ரோலில் ஏறிவிட்டது. காம்பரா தப்பியது. கப்பல் அவளில்லாமலே போனது. அன்று என் குரல் இல்லாவிட்டால் அத்தைக்கு வேலையே கிடைத்திருக்காது என்று நான் வெகுநாள் வரை லயத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாமா நிஜமாகவே வந்தார். விஷயம் கேள்விப்பட்டு, "எனக்கு என்ன பாடுனீங்க? ஒருக்காப் பாடிக் காட்டுங்க, கொற இருந்தா இப்பவே திருத்திக்கலாம்" என்று மேல் லயத்தில் காம்பரா காம்பராவாகப் போய்க் கேட்டார். விளக்குமாற்றோடு துரத்தினார்கள்.

வேலைக்குச் சேருமுன் அப்பு ஒரு பொட்டலத்தோடு லயத்துக்கு வந்தார். "வெள்ளயப் பாத்து ஒங்க ஆளுங்க பயந்தது. அதுனால தொரசாணி இது அனுப்புனது. ரெண்டு ஆளுக்கும்."

நீலம். அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. அப்படி ஒரு துணி எங்கள் லயத்துக்குள் வந்ததே கிடையாது. மிஞ்சுகிற துண்டில் எனக்கு ஒரு சட்டை தைத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். மனதுக்குள் அதை உடனே போட்டுக்கொண்டு நான் கங்காணி மகன் முன்னால் இரண்டுதரம் நடந்துகூடப் பார்த்துவிட்டேன்.

அத்தை நீலத்தைத் தடவிப் பார்த்தாள். முகத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மடித்து அப்பு கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"வெள்ளையே குடுக்கச் சொல்லுங்க அப்பு. ரெண்டு பேருக்கும் ஒரே வெள்ள."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒனக்கென்ன பைத்தியமா? இம்புட்டுக் கூத்துக்கு அப்புறமுமா?"

"அந்தக்கா நீலம் கட்டாது மதினி" என்றாள் அத்தை, அடுத்த காம்பராவைக் கண்ணால் காட்டி. "நான் மட்டும் கட்டுனா..." என்னைப் பார்த்து, "மூக்கச் சிந்துடா" என்றாள்.

இரண்டாவது ஆளாக அத்தை கொடுத்தது பெரியம்மாவின் பேரைத்தான். "நான் நின்னா யாரு புள்ளையக் குடுப்பா?" என்று அவள் மூன்று நாள் மறுத்தாள். "நீங்க வாசல்ல நில்லுங்க, மத்தத நான் பாக்குறேன்" என்று அத்தை இழுத்துக்கொண்டு போனாள்.

பிள்ளைக் காம்பரா திறந்த காலையில் நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். நாலு முழத் தூரத்துக்கு மேல் தெரியாத மூடுபனி. பெரியம்மா துரைசாணி அனுப்பிய புது வெள்ளையில் வாசலில் நின்றாள். அத்தை உள்ளே, அதே மாதிரி வெள்ளையில், அடுப்பில் வைத்த பாலைக் கிண்டியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று தாய்மார் ஓடி ஓடி வந்தார்கள். வெள்ளைச் சீலை தெரிந்ததும் அதன் கையில் பிள்ளையைத் திணித்துவிட்டு அதே ஓட்டமாகப் போனார்கள். ஒருத்தி மட்டும் ஒரு கணம் நின்று முகத்தைப் பார்த்தாள். பெரட்டுக்கு அடிக்கும் தப்பு மேளம் மறுபடி கேட்டது. அவளும் கொடுத்துவிட்டு ஓடினாள். இரண்டு இடுப்பிலும் ஒவ்வொன்று, தோளில் ஒன்று, சீலையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று பெரியம்மா அசைய முடியாமல் நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக் கை காலியில்லை.

அத்தை திரும்பிப் பார்க்கவே இல்லை. கொதித்து அடங்கிவிட்ட பாலை, இன்னும் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நீலச்சட்டை போனதும் போயிற்று. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லாப் பிள்ளைகளையும் பாவம் அந்தப் பெரியம்மா தலையில் கட்டிவிட்டு, அத்தை உள்ளே குளிர்காய்கிறாளே! ஓட்டமாக ஓடி ஸ்டோர் வாசலில் அம்மாவைப் பிடித்தேன். "அந்தம்மாவ அழவச்சிட்டு அத்த சும்மா நிக்கிறா. தொரசாணிகிட்டச் சொல்லி அத்தைக்குப் பேர் வெட்டச் சொல்லும்மா" என்று மூச்சு வாங்க முறையிட்டேன்.